விடையும் வழியும்: கணக்கீட்டு வழிமுறைகளின் வரலாறு

கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதி வைக்கும் மாணவனுக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. விடை சரியாகவே இருந்தாலும், அது வந்த வழியைப் படிப்படியாகக் காட்டுமாறு அவர் கேட்கிறார். வழி தெரிந்தால்தான் பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று அறியலாம். வழியை அறிந்தவனே எண்கள் மாறி வரும் அடுத்த கணக்கையும் செய்ய வல்லவனாவான். வகுப்பறையில் எளிதாகத் தோன்றும் இந்நெறி அறிவியல் உலகில் நிலைபெற மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இன்றும் அது முழுமையாக நிலைபெற்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குடுவைகளுக்கு நிகராகக் கணினிகளும் இடம்பெற்றுவிட்டன. மரபணுவை ஆய்பவர், பருவநிலையை ஆராய்பவர், விண்மீன்களை அளப்பவர் ஆகிய அனைவரும் தாம் திரட்டிய தரவுகளைக் கணினியிடம் ஒப்படைத்து, பல படிகளைக் கடந்த பிறகே முடிவைக் காண்கின்றனர். ஒரு படியின் விளைவு அடுத்த படிக்கு மூலப்பொருளாகிறது. இவ்வாறு ஒன்றோடொன்று கோத்து அமைத்த கணிப்புப் படிகளின் வரிசையைப் பணிப்பாய்வு என்று கணினித் துறையினர் அழைக்கின்றனர். ஒருவர் அமைத்த பணிப்பாய்வைப் பிறர் புரிந்துகொள்ள முடியுமா? அதனை எடுத்துத் தம் ஆய்வுக்கு மீண்டும் பயன்படுத்த முடியுமா? இவ்விரு வினாக்களும் கணினியோடு பிறந்தவை போலத் தோன்றும். உண்மையில் அவை கணினியைவிட மிக மூத்தவை. தமிழ் மண்ணுக்கும் அவற்றோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

சயாமிலிருந்து சென்ற சுவடி

பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தூதராக 1687ஆம் ஆண்டில் சயாம் நாட்டுக்கு வந்தவர் சிமோன் தெ லா லூபேர் என்பவர். நாடு திரும்பியபோது அவர் கொண்டு சென்ற பொருள்களுள் ஒரு சுவடியும் இருந்தது. கதிரவனும் நிலவும் வானில் நிற்கும் இடங்களைக் கணிப்பதற்குச் சயாமியக் கணியர்கள் கையாண்ட விதிகள் அதில் இருந்தன. அவ்விதிகள் பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டு, பாரிசு வானாய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கிய ழான் தொமினிக் காசினியிடம் அளிக்கப்பட்டன.

அச்சுவடியில் விளக்கம் ஏதும் இல்லை. இந்த எண்ணை 12ஆல் பெருக்குக. அதனை 7ஆல் பெருக்கி 228ஆல் வகுக்க. இன்னோர் எண்ணைக் கூட்டுக. பிறிதோர் எண்ணைக் கழிக்க என்று கட்டளைகள் மட்டுமே வரிசையாக நின்றன. ஏன் 7? ஏன் 228? சுவடி வாய் திறக்கவில்லை. கட்டளைகளை அப்படியே பின்பற்றினால் விடை வரும். அந்த விடை எதனால் வந்தது என்பது மட்டும் விளங்காது.

காசினி எண்களையே சான்றுகளாகக் கொண்டு ஆராய்ந்தார். 228 என்பது 19 ஆண்டுகளுக்குரிய கதிரவ மாதங்களின் எண்ணிக்கை. அதனோடு 7ஐச் சேர்த்தால் வரும் 235 என்பது அதே 19 ஆண்டுகளில் நிகழும் நிலவு மாதங்களின் எண்ணிக்கை என்று கண்டார். 800, 292207 ஆகிய இரண்டு எண்களிலிருந்து, 800 ஆண்டுகளுக்கு 292207 நாள்கள் என்னும் அளவு அவ்விதிகளுள் அடங்கியிருப்பதை உணர்ந்தார். அதன்படி ஓர் ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 36 வினாடி ஆகும்.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. கணக்கின் இறுதியில் கதிரவனின் இடத்திலிருந்து 3 கலையையும் நிலவின் இடத்திலிருந்து 40 கலையையும் கழிக்குமாறு விதிகள் கூறின. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை எனப்படும். இக்கழித்தலுக்குரிய காரணத்தையும் சுவடி சொல்லவில்லை. கதிரவன் 3 கலை நகர்வதற்கும் நிலவு 40 கலை நகர்வதற்கும் ஏறத்தாழ ஒரே கால அளவு, அதாவது ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரம் தேவைப்படும். எனவே இது இரண்டு ஊர்களுக்கு இடையிலான நேர வேறுபாட்டைச் சரிசெய்யும் திருத்தம் என்று காசினி முடிவு செய்தார். அவ்வேறுபாட்டைத் தொலைவாக மாற்றிப் பார்த்தபோது, விதிகள் முதலில் இயற்றப்பட்ட இடம் சயாமுக்கு ஏறத்தாழ 18 பாகை மேற்கே உள்ளது என்று தெரிந்தது. அஃதாவது அக்கணக்கு இந்தியாவில் பிறந்து சயாமுக்குப் பயணம் செய்திருக்கிறது. வேறு நாட்டுக்குரிய கணக்கைத் தம் நாட்டுக்குப் பொருந்துமாறு செப்பனிட்ட அறிஞர் யார் என்று நாம் அறியோம். அவர் செய்த திருத்தம் எண்ணாக எஞ்சியது. திருத்தியதன் காரணம் சுவடியில் ஏறவில்லை.

லா லூபேரின் நூல் காசினியின் விளக்கங்களோடு 1691இல் வெளிவந்தது. பிறர் அமைத்த கணிப்பு வழிமுறையை உடைத்துப் பார்த்து, அதன் உட்பொருளைக் கண்டறிந்த முயற்சிகளுள் இது சிறந்ததோர் எடுத்துக்காட்டு எனலாம்.

புதுச்சேரியும் சோழிகளும்

18ஆம் நூற்றாண்டில் இத்தகைய முயற்சி தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலார் கியோம் லெ ழாந்தி கடல் கடந்து வந்தார். 1761இல் நிகழ்ந்த கடப்பை அவர் கப்பலில் இருந்தமையால் முறையாக அளக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1769இல் புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாக நின்ற வேளையில் மேகம் மூடிக்கொண்டது.

ஆயினும் அவருடைய பயணம் வீண்போகவில்லை. புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணியர் ஒருவரிடம் கோள்கணிப்பு முறையைக் கேட்டுக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவை உள்ளூர்க் கணக்கு 41 வினாடி குறைவாகவும், அந்நாளில் ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட தொபியாசு மாயரின் அட்டவணைகள் 68 வினாடி மிகுதியாகவும் காட்டின என்று அவர் பதிவு செய்தார்.

இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர், சென்னை வானாய்வுக்கூடத்தில் முன்னர்ப் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் தொகுத்து, காலசங்கலித என்னும் பெருநூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த நிலவு மறைப்பைக் கணித்துக் காட்டிய முறையை வாரன் அதில் விரிவாக எழுதியுள்ளார். அக்கணியர் தாளையும் எழுதுகோலையும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, கூட்டியும் கழித்தும் வைத்தார். தேவையான அட்டவணைகள் யாவும் அவருடைய நினைவில் இருந்தன. பொருளற்றவை போலத் தோன்றும் சொற்களாகவும் அசைகளாகவும் அந்த எண்களை அவர் மனப்பாடம் செய்திருந்தார். வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார். அவ்வாறிருந்தும் அவருடைய கணக்கு மறைப்பின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபட்டது.

இம்முறையே வாக்கிய முறை எனப்படும். தமிழர் இல்லங்களில் இன்றும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கம் தன் பெயரை இதிலிருந்தே பெற்றது. இதன் உள்ளமைப்பு நுட்பமானது. நிலவு ஒரே வேகத்தில் செல்வதில்லை. புவிக்கு அருகில் வரும்போது விரைந்தும், விலகும்போது மெதுவாகவும் செல்கிறது. இவ்வேக மாற்றம் ஒரு முறை சுழன்று முடிவதற்கு ஏறத்தாழ 27.55 நாள்கள் ஆகும். இது முழு எண்ணாக இல்லாமையால் அட்டவணை அமைப்பது கடினம். ஆனால் ஒன்பது சுழற்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் மிகச் சிறிய வேறுபாட்டோடு 248 நாள்கள் ஆகின்றன. ஆகவே நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால், அவற்றையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியமும் நிலவின் இடத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. இவ்வாக்கியங்களை இயற்றியவர் வரருசி என்பது மரபு.

248 நாள்களில் எஞ்சும் சிறு வேறுபாடு நாளடைவில் பெருகும் அன்றோ? அதனைச் சரிசெய்யப் பெரிய சுழற்சிகளையும் கணியர்கள் வகுத்திருந்தனர். 110 சுழற்சிகளுக்கு 3031 நாள். 449 சுழற்சிகளுக்கு 12372 நாள். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதிலிருந்து 1600984ஐ முதலில் கழிப்பர். எஞ்சியதை 12372ஆலும், அதில் மிஞ்சியதை 3031ஆலும், அதிலும் மிஞ்சியதை 248ஆலும் வகுப்பர். இறுதியில் நிற்கும் மீதியே எத்தனையாவது வாக்கியத்தை ஓத வேண்டும் என்பதைக் காட்டும். ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் உரிய அளவை அதனோடு கூட்டிக்கொள்வர். படி, அதன் விளைவு, அடுத்த படி, அட்டவணை, திருத்தம் என்று இக்காலத்துப் பணிப்பாய்வின் உறுப்புகள் பலவும் இதில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

இம்முறையின் வலிமையும் மெலிவும் ஒரே இடத்தில் இருக்கின்றன. காரணம் அறியாதவரும் செய்யத்தக்க வகையில் அது எளிமையாக்கப்பட்டிருந்தது. அதனால்தான் நூற்றாண்டுகளைக் கடந்து அது வாழ்ந்தது. ஆனால் காரணம் அறியாதவர் அதனைத் திருத்த இயலாது. 1600984 என்னும் எண்ணை ஆண்டுகளாக மாற்றினால் கலியில் 4383 ஆண்டுகள் ஆகும். அது 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைக் குறிக்கும். அக்காலத்தை ஒட்டித் தொண்டைநாட்டில் எழுந்த வாக்கியகரணம் என்னும் நூலின் முறையையே 1825ஆம் ஆண்டின் கணியரும் கையாண்டார். மறைப்பின் முடிவில் காணப்பட்ட 52 நிமிட வேறுபாட்டை எங்கே களைவது என்று அவரால் சொல்ல முடிந்திராது.

அவர் ஓதிய கணக்கின் உட்பொருளை ஆட்டோ நாய்கபாவர் என்னும் வானியல் வரலாற்றறிஞர் 1952இல் வெளியிட்ட தமிழ் வானியல் பற்றிய கட்டுரையில் விளக்கினார். 248 நாள் சுழற்சி பண்டைப் பாபிலோனியாவிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கச் சுவடிகளிலும் காணப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் வாக்கியகரணத்தைப் பதிப்பித்துச் சென்னையில் வெளியிட்டனர். வாரன் ஒரு கணியரின் அருகில் அமர்ந்து படிகளை ஒன்று விடாமல் எழுதி வைத்திராவிட்டால், நாய்கபாவருக்கு ஆராய்வதற்குரிய முழுக் கணக்குக் கிடைத்திராது.

பிரான்சும் இங்கிலாந்தும்

கணக்கைப் படிகளாகப் பிரித்துப் பலரிடம் ஒப்படைக்கும் முறையைப் பிரான்சில் பெரிய அளவில் செயற்படுத்தியவர் கஸ்பார் தெ புரோனி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1790களில், மடக்கை அட்டவணைகளையும் கோண அட்டவணைகளையும் உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் பணியாளர்களை மூன்று பிரிவாக வகுத்தார். முதற் பிரிவினரான கணித மேதையர் சிலர் சூத்திரங்களைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டாம் பிரிவினர் அவற்றை எண்களாக மாற்றினர். மூன்றாம் பிரிவினர் கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்தவர்கள். கணக்கின் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர்கள் அவர்களே.

இம்முறையைப் பற்றி அறிந்த சார்ல்சு பாபேச்சு, கூட்டலும் கழித்தலும் மட்டுமே போதுமெனில் அவ்வேலையை இயந்திரத்திடம் விடலாமே என்று எண்ணினார். 1821இல் அவரும் ஜான் எர்ழ்சலும் அட்டவணைகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது கண்ட பிழைகள் அவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தின. அதன் பயனாக வேறுபாட்டுப் பொறியும், பின்னர்ப் பகுப்புப் பொறியும் அவருடைய கருத்தில் உருப்பெற்றன.

பகுப்புப் பொறி கட்டி முடிக்கப்படவில்லை. ஆயினும் அதற்கான கணிப்பு வழிமுறை ஒன்று 1843இல் அச்சேறியது. லூயிசி மெனாப்ரியா எழுதிய கட்டுரையை மொழிபெயர்த்த அடா லவ்லேசு அம்மையார், தம்முடைய குறிப்புகளில் பெர்னூலி எண்களைக் கணிக்கும் முறையை 25 படிகள் கொண்ட அட்டவணையாக வெளியிட்டார். ஒவ்வொரு படியிலும் எந்த எண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும், விளைவை எங்கே வைக்க வேண்டும் என்பன அதில் தெளிவாக இருந்தன. அவ்வட்டவணையின் நான்காம் படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருந்ததைப் பிற்காலத்தார் கண்டுபிடித்தனர். இப்பிழை அம்மையாரின் புகழைக் குறைக்கவில்லை. படிகள் யாவும் வெளிப்படையாக இருந்தமையால்தான் பிழையும் கண்ணில் பட்டது. இயந்திரமே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட ஒரு வழிமுறையை நூறாண்டுக்குப் பின் வந்தோர் படித்துத் திருத்தவும் கணினியில் இயக்கிப் பார்க்கவும் முடிந்தது.

கேம்பிரிட்சின் துளைநாடாக்கள்

1949 மே 6ஆம் நாள் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் மின்னணுக் கணினி தன் முதற் கணக்கைச் செய்தது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரிசு வில்க்சு. கணினிக்குரிய நிரலை எழுதுவது எளிதென்று கருதியவர்கள், தம் காலத்தில் பெரும்பகுதி தம்முடைய பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்பதை விரைவில் உணர்ந்தனர்.

பிழையைக் குறைக்கும் வழி, ஒருமுறை சரியாக எழுதியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே. வர்க்கமூலம் காணுதல், எண்களை அச்சிடுதல் போன்ற பொதுவான வேலைகளுக்குரிய துணைநிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் பதிக்கப்பட்டன. அவை பேழை ஒன்றில் நூலகம்போல் அடுக்கி வைக்கப்பட்டன. வேண்டுவோர் தமக்குரிய நாடாவை எடுத்துத் தம் நிரலில் சேர்த்துக்கொண்டனர். வில்க்சு, டேவிட் வீலர், சுடான்லி கில் ஆகிய மூவரும் 1951இல் இத்துணைநிரல்களை விளக்கி ஒரு நூல் வெளியிட்டனர்.

அடுத்த ஆண்டில் வீலர் ஆற்றிய உரையில் ஒரு கருத்தைச் சொன்னார். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பின்னரும் ஒரு பெரும்பணி எஞ்சி நிற்கிறது. அதன் உட்புறத்தை அறியாதவரும் எளிதாகப் பயன்படுத்தும் வகையில் விளக்கம் எழுதுவதே அப்பணி. எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. கணினி தோன்றிய தொடக்க ஆண்டுகளிலேயே சொல்லப்பட்ட இவ்வுண்மையைப் பின்வந்த பலர் மறந்தனர். அதன் விளைவு சில வேளைகளில் கொடியதாக இருந்தது.

நோயாளரைத் தொட்ட பிழை

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புற்றுநோயாளரின் மரபணுச் செயற்பாட்டை அளந்து, எந்த மருந்து அவருக்குப் பயன் தரும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என அக்கட்டுரை அறிவித்தது. மருத்துவ உலகம் அதனை ஆர்வத்தோடு வரவேற்றது. டெக்சஸ் மாநிலத்து எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் அம்முறையைத் தம் நோயாளர்களுக்கும் பயன்படுத்த விரும்பினர். அதன் கணக்கை விளங்கிக்கொள்ளுமாறு அங்கிருந்த புள்ளியியலார் கீத் பேகர்லி, கெவின் கூம்பஸ் ஆகிய இருவரையும் கேட்டுக்கொண்டனர்.

அவ்விருவரும் குறை காணும் நோக்கத்தோடு தொடங்கவில்லை, கற்றுக்கொள்ளவே தொடங்கினர். ஆனால் கட்டுரையில் கூறிய வழியைப் பின்பற்றியபோது அதில் கூறிய விடை வரவில்லை. எந்தத் தரவு எந்தப் படியில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்குரிய முழுப் பதிவும் இல்லை. எனவே காசினி சயாமியச் சுவடியை ஆராய்ந்தது போல, வெளியான எண்களிலிருந்து பின்னோக்கிச் சென்று வழியைத் தாமே ஊகிக்க வேண்டியதாயிற்று. அட்டவணையில் மரபணுக்களின் பெயர்கள் ஒரு வரிசை தள்ளி அமைந்திருந்ததை அவர்கள் கண்டனர். அதனால் ஒரு மரபணுவின் அளவு அதற்கு அடுத்த மரபணுவின் பெயரில் நின்றது. வேறு சில இடங்களில், மருந்துக்கு இணங்குவது, இணங்காதது என்னும் இரண்டு குறியீடுகளும் தலைகீழாக மாறியிருந்தன. அக்கணக்கை நம்பி மருந்து தந்தால், பயன் பெறாதவருக்கே அம்மருந்து போய்ச் சேரும்.

தாங்கள் கண்டவற்றை இருவரும் 2007இல் மடல் வழியாகவும், 2009இல் விரிவான கட்டுரை வழியாகவும் வெளியிட்டனர். அதற்குள் நோயாளர்களைக் கொண்ட மருத்துவச் சோதனைகள் தொடங்கிவிட்டன. 2009இல் அவை நிறுத்தப்பட்டன. 2010 தொடக்கத்தில் மீண்டும் நடந்தன. அவ்வாண்டிலேயே முற்றாகக் கைவிடப்பட்டன. மூலக்கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய சோதனைகளுக்கு முன்னர்த் தரவுகளும் நிரல்களும் பிறர் ஆராயுமாறு கிடைக்க வேண்டும் என்றும், கணிப்பு வழிமுறை முழுமையாக வரையறுக்கப்பட்டு இடையில் மாற்ற இயலாதவாறு உறுதிசெய்யப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

ஒரு வரிசை தள்ளிப் போதலும் குறியீடு தலைகீழாதலும் அரிய பிழைகள் அல்ல; தொடக்கப் பள்ளி மாணவனுக்கும் நேரக்கூடியவை. மிகுதியாக நேரும் பிழைகள் எளிய பிழைகளே என்று பேகர்லியும் கூம்பசும் எடுத்துரைத்தனர். வழி மறைந்திருக்கும் இடத்தில் எளிய பிழையும் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் படிப்பினை.

வழியைப் பேணும் முயற்சிகள்

வழியைப் பதிவு செய்யும் கருவிகளை உருவாக்கும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் சுடூவர்ட் பெல்ட்மன் 1976இல் மேக் என்னும் கருவியை உருவாக்கினார். எந்தக் கோப்பு எந்தக் கோப்பைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், மாறிய பகுதியை மட்டும் அது மீண்டும் செய்து தரும். சுடான்பர்டுப் பல்கலைக்கழகத்தில் நில அதிர்வலைகளை ஆராய்ந்த ஜான் கிளேர்பௌட், கட்டுரையில் உள்ள படம் ஒவ்வொன்றையும் படிப்பவரே மீண்டும் உருவாக்கிப் பார்க்க இயல வேண்டும் என்னும் கொள்கையை 1990களின் தொடக்கத்தில் பரப்பினார். மாணவர் படிப்பை முடித்துச் சென்ற பின், அவர் செய்த கணக்கைத் தொடர்வதற்கு ஆய்வுக்கூடத்தில் எவராலும் இயலாமற் போகும் இடர்ப்பாட்டை அவர் நேரில் கண்டவர்.

21ஆம் நூற்றாண்டில் பணிப்பாய்வுகளுக்கென்றே தனிக் கருவிகள் தோன்றின. இங்கிலாந்தில் தவேர்னாவும், 2005இல் அமெரிக்காவில் காலக்சியும், 2012இல் சினேக்மேக்கும், 2013இல் நெக்சுட்புளோவும் அறிமுகமாயின. 2007இல் பணிப்பாய்வுகளை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்வதற்காக மை எக்சுபெரிமெண்டு என்னும் பொதுக் களஞ்சியம் திறக்கப்பட்டது. ஒருவர் செய்த கணிப்பு வழிமுறை இனி அழியாது என்று பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கை முற்றிலும் நிறைவேறவில்லை. அக்களஞ்சியத்தில் இருந்த தவேர்னாப் பணிப்பாய்வுகள் சிலவற்றை எடுத்து இயக்கிப் பார்த்த ஆய்வாளர் குழு ஒன்று 2012இல் தன் முடிவை வெளியிட்டது. சோதித்தவற்றுள் ஏறத்தாழ 80 விழுக்காடு இயங்கவில்லை, அல்லது முன்பு தந்த விடையைத் தரவில்லை. வெளியார் நடத்திய சேவைகள் மாறியோ நின்றோ போனமை, மாதிரித் தரவு இல்லாமை, தேவையான மென்பொருள் கிடைக்காமை, விளக்கம் போதாமை ஆகியவை காரணங்களாகக் கண்டறியப்பட்டன. தவேர்னாவின் வளர்ச்சிப் பணியும் 2020இல் முடிவுக்கு வந்தது. ஓலைச்சுவடியைச் செல்லரிப்பது போல நிரல்களையும் காலம் அரிக்கிறது.

இவ்வனுபவங்களின் பயனாக, தரவு தேடக் கிடைப்பதாகவும், எட்டக்கூடியதாகவும், பிறவற்றோடு இணைந்து இயங்குவதாகவும், மீண்டும் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும் என்னும் நால்வகை நெறிகள் 2016இல் வெளியிடப்பட்டன. பணிப்பாய்வுகளுக்கும் இந்நெறிகளைப் பொருத்தும் முயற்சிகள் தொடர்கின்றன. இவற்றின் சாரத்தை நான்கு கடமைகளாகக் கூறலாம். படிகளை வரிசை பிறழாமல் எழுதுதல் முதலாவது. ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறுதல் இரண்டாவது. விடை தெரிந்த மாதிரிக் கணக்கொன்றை உடன் வைத்தல் மூன்றாவது. எந்தக் கருவியால், அதன் எந்தப் பதிப்பால் கணக்கைச் செய்தோம் என்று குறித்தல் நான்காவது. சயாமியச் சுவடியில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. புதுச்சேரிக் கணியரின் கணக்கில் இல்லாதிருந்த எழுத்துப் பதிவையும் மாதிரிக் கணக்கையும் வாரன் சேர்த்தார். டெக்சஸ் மாநிலத்து அறிஞர்கள் தேடியபோது முதலாவதுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை.

கணினி கற்கும் தலைமுறையை உருவாக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு கடமை காத்திருக்கிறது. பிறர் எழுதிய நிரலை எடுத்து இயக்கி விடை காண்பது இன்று சிறுவருக்கும் எளிது. அவ்விடையோடு மனநிறைவு அடைந்துவிடாமல், இந்த எண் இங்கு ஏன் வந்தது, இதனை மாற்றினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். தாம் செய்த கணக்கை அடுத்த ஆண்டு அதே இருக்கையில் அமரப்போகும் இளையவர் படித்தறியுமாறு எழுதி வைக்கவும் அவர்கள் பழக வேண்டும். 248 வாக்கியங்களைப் பிழையின்றி ஓதிய அப்பெயர் தெரியாக் கணியரின் நினைவாற்றல் போற்றத்தக்கதே. அந்த 248 எங்கிருந்து வந்தது என்பதையும் அவருடைய ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தால், 52 நிமிடப் பிழையைத் திருத்தும் பணி புதுச்சேரியிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.